எட்டு நிமிடச் சுற்று

என்னை அந்த வேலைக்குத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம் எனக்குத் தமிழ் தெரியும் என்பதுதான்.

திருப்பதியில் ரேணிகுண்டா சாலையில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் கம்பெனி இருக்கிறது. பதினெட்டுப் பேர் வேலை செய்கிறோம். கேட்டவர்களுக்கு செல்போன் ஆப் செய்து கொடுப்பது தொழில். நான் திரைகளை வரைகிறவள். எந்தப் பட்டன் எங்கே இருக்க வேண்டும், அதில் என்ன எழுத வேண்டும், தொட்டால் அடுத்து என்ன வர வேண்டும் என்பதெல்லாம் என் பொறுப்பு. குடுபல்லிப் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. வீட்டில் பேசியது தமிழ், படித்தது தெலுங்கு. ஆபீசில் மற்றவர்களுக்குத் தமிழ் புரியும், பேச வராது.

வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம், பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து எங்களுக்கு இரண்டு நாள் டிசைன் திங்கிங் வகுப்பு எடுத்தார். எதையும் செய்யத் தொடங்கும் முன் அதைப் பயன்படுத்தப் போகிறவரின் இடத்தில் போய் நில்லுங்கள் என்றார். அப்புறம் பிரச்சினையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள், யோசனைகளைக் கொட்டுங்கள், மலிவாக ஒரு மாதிரி செய்யுங்கள், கொண்டுபோய்க் காட்டிச் சோதியுங்கள். இவ்வளவுதான் பாடம். முதல் நாள் மத்தியானம் எங்கள் கையில் தடித்த கையுறை மாட்டி, எண்ணெய் தடவிய கண்ணாடியைப் போட்டுவிட்டு, பாங்க் படிவம் ஒன்றை நிரப்பச் சொன்னார். வயதானவர்களின் சிரமம் தெரிய வேண்டுமாம். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் நைனா ஒரு ஏக்கர் பட்டாவுக்காக மண்டல் ஆபீசுக்கு நடந்தது ஞாபகம் வந்தது. தெலுங்கு அவருக்குப் பேச வரும், படிக்க வராது. கையெழுத்தை இடம் மாற்றி மாற்றிப் போட்டு மூன்று தடவை திரும்பி வந்தார். படிவம் தயாரித்தவர் ஒருநாளாவது நைனா மாதிரி ஒருவரிடம் காட்டிக் கேட்டிருந்தால் அந்த மூன்று நாள் கூலி போயிருக்காது.

அன்று சாயங்காலம் நான் தங்கியிருக்கும் திருச்சானூருக்கு ஷேர் ஆட்டோவில் போகும்போது, இதுதான் என் வேலை என்று நினைத்துக்கொண்டேன். இதெல்லாம் வெறும் பேச்சு என்று இப்போது என்னுடன் வேலை செய்கிறவர்களே சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முழுசாக நம்பினேன். நடந்ததைச் சொல்லும்போது அதையும் சொல்ல வேண்டும்.

ஸ்ரீசிட்டியில் ஒரு பேக்டரி. செல்போனுக்குள் வைக்கிற சின்னச் சின்னப் பாகங்கள் செய்கிறார்கள். வேலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சூளூர்பேட்டை, தடா, எல்லைக்கு அந்தப் பக்கம் ஆரம்பாக்கம் என்று பல ஊர்களிலிருந்து பேக்டரி பஸ்ஸில் வருவார்கள். காலை ஷிப்டுக்குப் பஸ்கள் நேரத்துக்கு வருவதில்லை, அதற்கு ஓர் ஆப் வேண்டும் என்று பேக்டரி நிர்வாகம் எங்களிடம் கேட்டது.

எங்கள் கம்பெனியை நடத்துகிறவரை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். ஹைதராபாத்தில் பெரிய கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பியவர். கெட்டவர் இல்லை. அவர் என்னைக் கூப்பிட்டுத் தெலுங்கில் சொன்னார்: "அந்தப் பொண்ணுங்ககிட்ட மேனேஜர் கேட்டா பேச மாட்டாங்க. நான் போனாலும் பேச மாட்டாங்க. நீ போ. உன்னைப் பார்த்தா அவங்க வீட்டுப் பொண்ணு மாதிரி இருக்கே."

அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

சூளூர்பேட்டையில் பேக்டரிப் பெண்கள் சிலர் இருந்த ஒரு விடுதியில் பத்து நாள் தங்கினேன். ஒவ்வொரு நாளும் விடியும் முன் கிளம்பி, ஒரே பஸ்ஸில் பேக்டரி வரை போய்த் திரும்புவேன். முதல் இரண்டு நாள் யாரும் என்னிடம் பேசவில்லை. பேக்டரி ஆபீசிலிருந்து வேவு பார்க்க வந்தவள் என்று நினைத்தார்கள். மூன்றாம் நாள் ஒரு பெண்ணுக்கு வாந்தி வந்தது. என் துப்பட்டாவைக் கொடுத்து, பையிலிருந்த எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பேசினார்கள். மார்கழிக் குளிரில் முக்கால் மணி நேரம் நிற்பது, பஸ் போய்விட்டதா வரவில்லையா என்று தெரியாமல் தவிப்பது, நிற்கும் இடத்தில் கிண்டல் பண்ணுகிறவர்கள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அந்தப் பஸ் ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும் ஒரு காரியம் செய்யும். நேராகப் போகாமல் மேம்பாலத்துக்கு அடியில் நுழைந்து, சாலையின் அந்தப் பக்கம் போய், சர்வீஸ் ரோட்டில் ஒரு கிலோமீட்டர் போல எதிர்த்திசையில் ஓடி, ஒரு கிராமத்து வாயிலில் நிற்கும். நாலு பெண்கள் ஏறுவார்கள். பஸ் மறுபடியும் திரும்பி, பாலத்துக்கு அடியில் வந்து, பழைய வழியில் சேரும். என்னிடம் கொடுத்திருந்த ரூட் தாளில் இந்தச் சுற்று இல்லை. கைக்கடிகாரத்தில் பார்த்தேன். எட்டு நிமிடம்.

அந்த நாலு பேரில் ஒருவர் கொஞ்சம் வயதானவர், நாற்பது இருக்கும். பேக்டரி கேன்டீனில் தட்டுக் கழுவுகிற ஒப்பந்த வேலை. வலது கால் சூம்பிப்போய் இருக்கும். படியில் ஏறும்போது இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உடம்பை மேலே இழுத்துக்கொள்வார். நான் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, இந்தப் பஸ்ஸுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"பஸ்ஸுல இன்னா கஷ்டம் பாப்பா? குந்திக்கினா போய்க்கினே கீது. பஸ்ஸு வரைக்கும் வர்றதுதான் கஷ்டம்."

"ஏன்?"

"ஸ்டாப்பு அந்தாண்ட வச்சிகிறாங்க. எங்க ஊரு இந்தாண்ட. நடுவுல ரோடு. இந்தக் காலு இருக்குதே, இது சொன்ன பேச்சு கேக்காது. லாரி வருது ஓடுன்னா ஓடாது." காலைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "டிரைவர் அண்ணன் நல்லவரு. வூட்டாண்டயே வந்து இட்டுக்கினு போறாரு. சாயந்தரம் பிரச்சினை இல்ல, பஸ்ஸு திரும்பி வர்றப்போ எங்க பக்கமே வரும்."

நான் எழுதுவதை அவர் எட்டிப் பார்த்தார். அதற்கு முன் பேக்டரியில் யாராவது இதையெல்லாம் கேட்டார்களா என்றேன். யார் கேட்கப் போகிறார்கள் என்றார்.

டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். பேக்டரி வாசலில் பஸ்ஸை நிறுத்திவிட்டு டீ குடிக்கும்போது அவரிடம் அந்தச் சுற்றைப் பற்றிக் கேட்டேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மொத வருசம் நானும் ஸ்டாப்புலதான் நிறுத்திக்கினு இருந்தேன். அந்தம்மா காலை இஸ்துக்கினு வந்து ரோட்டு நடுவுல நிக்கும். கன்டெய்னர்காரன் ஹாரன் அடிச்சிக்கினே வருவான். ஸ்டியரிங்க புட்ச்சிக்கினு அத பாத்துக்கினு உக்காந்திருக்க முடியல. அவ்ளோதான்."

"ஆபீசுல தெரியுமாண்ணா?"

"தெரிஞ்சா வுடுவாங்களா? நீ இத மட்டும் எழுதாதம்மா."

"உங்க பேரு போட மாட்டேண்ணா."

"பேரு இல்ல. விசயமே வாணாம்."

சரி என்று தலையாட்டினேன். அன்று விடுதிக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து அந்த விஷயத்தை எழுதினேன். ஏன் எழுதினேன் என்று பிறகு எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். அவரை மாட்டிவிட வேண்டும் என்று இல்லை. அதற்கு நேர் எதிர். அவர் பயந்து பயந்து செய்கிற காரியத்தை ஆப் மூலமாகச் சட்டப்படியே செய்ய வைக்கலாம், அந்தக் கிராமத்து வாயிலை முறையான ஸ்டாப் ஆக்கிவிடலாம் என்று நினைத்தேன். அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன். இரண்டு நாள் வகுப்பு அதைத்தான் எனக்குக் கொடுத்திருந்தது.

திருப்பதிக்குத் திரும்பியதும், கேட்டு வந்ததையெல்லாம் சின்னச் சின்ன மஞ்சள் தாள்களில் எழுதி ஆபீசின் கண்ணாடிச் சுவரில் ஒட்டினேன். நூற்றுக்கு மேல் இருக்கும். அதில் ஒன்று இது: "பஸ் எட்டு நிமிடம் சுற்றிப் போகிறது, ஏனென்றால் நாலு பெண்கள் நெடுஞ்சாலையைக் கடக்கப் பயப்படுகிறார்கள்."

சார் அந்தத் தாளின் முன் வந்து நின்றார். "ஒக நோட்லோ ஒகடே விஷயம்" என்றார். ஒரு தாளில் ஒரே விஷயம்தான் இருக்க வேண்டும் என்பது விதி. வகுப்பிலும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். நானே அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டு தாள்களில் எழுதினேன். ஒன்றில், பஸ் எட்டு நிமிடம் சுற்றிப் போகிறது. இன்னொன்றில், நாலு பெண்கள் சாலை கடக்கப் பயப்படுகிறார்கள்.

பிறகு ஒரே மாதிரித் தாள்களைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்தோம். முதல் தாள், தாமதத்துக்கான காரணங்கள் என்ற கூட்டத்தில் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது தாள், உணர்ச்சிகள் என்ற கூட்டத்துக்குப் போனது. அங்கே குளிர், அலுப்பு, கிண்டல், தூக்கம் எல்லாம் இருந்தன. சுவரின் இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இருந்த 'ஏனென்றால்' எந்தத் தாளிலும் இல்லை.

அடுத்து, எது முக்கியம் என்று ஓட்டுப் போட வேண்டும். ஆளுக்கு மூன்று சிவப்புப் பொட்டு. எனக்குக் கிடைத்த மூன்றில் ஒன்றை அந்தப் பயத் தாளில் வைத்தேன். மற்ற இரண்டையும் தாமதத்தில் வைத்தேன். எல்லோரும் அங்கேதான் வைத்துக்கொண்டிருந்தார்கள். சார் பக்கத்தில் நின்றிருந்தார். பயத் தாளில் இருந்த ஒரே பொட்டு என்னுடையது. எழுந்து நின்று, இந்த இரண்டும் ஒரே விஷயம் என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். சொல்லவில்லை. கூட்டம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, எல்லோருக்கும் பசி.

பயன்படுத்தப் போகிறவருக்கு ஒரு முகம் வேண்டும் என்று ஒரு கற்பனைப் பெண்ணை உருவாக்கினோம். வயது இருபத்திரண்டு, கையில் ஸ்மார்ட்போன், இணையத்திலிருந்து எடுத்த சிரித்த முகம். அவளுக்கு ஒரு பெயரும் வைத்தோம். அதற்குப் பிறகு எந்தப் பேச்சு வந்தாலும், அவளுக்கு இது பிடிக்குமா என்றுதான் கேட்டுக்கொண்டோம்.

மாதிரியைச் சோதிக்க மறுபடியும் சூளூர்பேட்டைக்குப் போனேன். விடுதிப் பெண்களுக்கு அது நிஜமாகவே பிடித்தது. வரைபடத்தில் பஸ் நகர்வதைப் பார்த்துக் கைதட்டினார்கள். இனிமேல் பல் விளக்கிவிட்டுப் பஸ் கிட்ட வந்ததும் போய் நின்றால் போதும் என்று ஒருத்தி சொன்னாள். அது பொய்யில்லை. இன்றைக்கும் அந்த ஆப் பல பெண்களுக்குப் பயன்படுகிறது. கேன்டீன் அக்காவிடமும் காட்டினேன். அவர் தன்னுடைய பட்டன் போனை எடுத்துக் காட்டினார்.

"என்னாண்ட இதான் கீது. இதுல வருமா?"

"வராதுக்கா."

"பரவால்ல. நாங்க நாலு பேரும் ஒண்ணா வர்றவங்கதான். அவளுங்களாண்ட கேட்டுக்கிறேன்." பிறகு கேட்டார்: "நான் சொன்னத எழுதினியே, அது இன்னா ஆச்சு?"

"பெரியவங்ககிட்ட சொல்லியிருக்கேன். நல்லது நடக்கும்க்கா."

அவரிடம் ஸ்மார்ட்போன் இல்லாததால், சோதித்தவர்கள் பட்டியலில் அவரைச் சேர்க்கவில்லை.

ஆப் வெளியான மூன்றாம் நாளே ஒவ்வொரு பஸ்ஸும் போகும் வழி பேக்டரியின் போக்குவரத்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் கோடாகத் தெரிய ஆரம்பித்தது. ரூட்டைவிட்டு விலகினால் கோடு சிவப்பாக மாறும். பஸ் சுற்றிப் போகிறது என்ற என் தாளிலிருந்து வந்த யோசனை அது. சிவப்பு வேண்டும் என்று நிறம் தேர்ந்தெடுத்தவள் நான்தான். அந்தப் பஸ்ஸின் கோட்டில் தினமும் ஒரே இடத்தில் சிவப்பாக ஒரு கொக்கி. டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். அவர் சொன்ன காரணத்தை அவர்கள் நம்பவில்லை. வண்டியை மறைவாகக் கொண்டுபோய் டீசல் விற்கிறார் என்று முடிவு கட்டினார்கள். பஸ் ஒப்பந்தக்காரர் மறுநாளே அவரை நிறுத்திவிட்டார்.

எங்கள் ஆபீசில் அந்த வாரம் கேக் வெட்டினோம். பஸ்கள் நேரத்துக்குப் போகின்றன என்று பேக்டரியிலிருந்து பாராட்டி எழுதியிருந்தார்கள். சார் எல்லோர் முன்னாலும் என்னை நிற்க வைத்து, இவள் போய்க் கேட்டதால்தான் உண்மை வெளியே வந்தது என்றார். எந்த உண்மையைச் சொல்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

நாலைந்து நாள் கழித்து கேன்டீன் அக்கா போன் செய்தார். பேட்டியின்போது என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

"பாப்பா, பஸ்ஸு ஊர்ல வர்றதில்ல. புது டிரைவரு. கேட்டா போன காட்டறான். அதுல ஸ்டாப்பு இல்லன்றான். அண்ணன இன்னாத்துக்கு நிறுத்தினாங்க?"

பேசுகிறேன் அக்கா, உடனே பேசுகிறேன் என்றேன். அன்றே சாருக்கு மெயில் அனுப்பினேன். அந்த ஸ்டாப்பை அடுத்த பதிப்பில் பார்க்கலாம், செய்ய வேண்டியவை பட்டியலில் போட்டு வை என்று பதில் வந்தது. போட்டு வைத்தேன். பட்டியலில் முப்பத்தேழாவதாக அது உட்கார்ந்தது.

பேக்டரி போக்குவரத்து மேனேஜரின் நம்பர் என்னிடம் இருந்தது. நேராக அவரைக் கூப்பிட்டிருக்கலாம். டிரைவர் டீசல் திருடவில்லை, நான் அந்தப் பஸ்ஸில் பத்து நாள் போனவள், என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். சாரைத் தாண்டிப் போனால் வேலை போய்விடுமோ என்று இருந்தது. அதற்குள் லாட்ஜ் ரூம் பதிவு செய்கிற வேறொரு ஆப் வேலையில் என்னைப் போட்டுவிட்டார்கள். அக்கா இரண்டாம் தடவை கூப்பிட்டார். எடுத்தேன். இன்னும் கொஞ்ச நாள் என்றேன். நாலு பேரில் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டார்கள், ஒருத்தி தன் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்குக் குடி போய்விட்டாள், தான் மட்டும்தான் வருவதாகச் சொன்னார். மூன்றாம் தடவை அவர் கூப்பிட்டபோது கூட்டத்தில் இருந்தேன். திரும்ப நான் கூப்பிடவில்லை.

பனிக்காலம் முடியும் தறுவாயில் ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு, தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. பழைய டிரைவர். அக்காவின் போனிலிருந்து என் நம்பரை எடுத்திருக்கிறார்.

"அந்தம்மாவ கார்க்காரன் அடிச்சிட்டான். பனியில தெரியல. நிறுத்தாம பூட்டான். திருப்பதிக்கு இட்டுக்கினு வந்துக்கினு கீறோம். நீ அங்கதானே கீற? வா."

அரசு ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவரை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். டிரைவர் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். சட்டையெல்லாம் ரத்தம். ஆம்புலன்ஸில் கூடவே வந்திருக்கிறார். இப்போது இறால் லாரி ஓட்டுகிறாராம். அந்த வழியாகப் போகும்போது கூட்டத்தைப் பார்த்து இறங்கியிருக்கிறார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருபத்தாறு வருசம் வண்டி ஓட்றேன். திருடன்னு ஒருத்தன் சொன்னதில்ல. அத வுடு. நான் உன்னாண்ட சொன்னேன். நீ யாராண்ட சொன்னே?"

"நல்லதுக்குன்னு நெனச்சிதாண்ணா..."

"வாணாம்மா."

அவ்வளவுதான் பேசினார். அக்காவின் மகள் வரும்வரை நின்றிருந்தார். அவள் நாயுடுபேட்டையில் காலேஜ் படிக்கிறவள், பதினெட்டு வயது. வந்ததும் அவளிடம் பையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் போன் செய்தால் எடுப்பதில்லை.

இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். நல்லபடியாக இருந்த கால் அது. சூம்பிய காலில் ஒரு கீறல்கூட இல்லை.

ஆறாம் நாள்தான் அவர் தெளிவாகப் பேசினார். மகள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, நீங்க சொன்னத நான் எழுதினேன். அதனாலதான் பஸ் நின்னுச்சு. டிரைவர் அண்ணனுக்கு வேலை போனதும் அதனாலதான்."

அவர் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"எழுதினா நல்லது நடக்கும்னு சொன்னியே" என்றார் பிறகு.

"ஆமாக்கா."

"நீ கேட்டே, நான் சொன்னேன். அதுக்கு மின்ன யாரும் என்னாண்ட கேட்டதில்ல. கேட்டாங்கன்ற சந்தோசத்துல எல்லாம் சொல்லிட்டேன்." கொஞ்சம் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்: "என் பொண்ணாண்ட இத சொல்லாத. அவ கோவக்காரி."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். கேட்க முடியவில்லை. கேட்டால் அவர் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். அந்த வேலையையும் அவர் தலையில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆபீசுக்குத் திரும்பி நடந்ததையெல்லாம் நாலு பக்கம் எழுதினேன். கிழித்த தாளிலிருந்து எடுக்காத போன் வரை. சார் படித்தார். முகம் கறுத்துப்போனது. நாமே ஸ்டாப்பைச் சேர்த்துவிடலாம் என்றார். பேக்டரிக்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள். விபத்து பேக்டரி கேட்டுக்கு வெளியே நடந்ததால் தங்கள் பொறுப்பில்லை என்று சொன்னவர்கள், ஸ்டாப்புக்கு மட்டும் சரி என்றார்கள். ஒரே நாள் வேலை. அந்தக் கிராமத்து வாயிலில் வரைபடத்தில் ஒரு புள்ளி வந்தது. பஸ் மறுபடியும் பாலத்துக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போக ஆரம்பித்தது.

ஏறத்தான் யாரும் இல்லை. விலகிய மூன்று பேரும் திரும்பி வரவில்லை. ஒருவரும் ஏறாத ஸ்டாப்புகளை மாதக் கடைசியில் ஆப் தானாகவே பட்டியல் போட்டு, எடுத்துவிடலாமா என்று கேட்கும். அந்த மாதம் கேட்டபோது வேண்டாம் என்று அழுத்தினேன். அடுத்த மாதமும் அழுத்தினேன். என் பக்கத்தில் உட்காருகிற பையன், காலி ஸ்டாப்பை ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டான். கதையைச் சொன்னேன். பாவம் என்றான். மூன்றாம் மாதம் நான் லீவில் இருந்தேன். வந்து பார்த்தபோது புள்ளி இல்லை. யார் எடுத்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், எடுத்தது தப்பு என்று சொல்ல என்னிடம் என்ன காரணம் இருந்தது?

அக்காவுக்கு ஊனமுற்றோர் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. அது இருந்தால்தான் பென்ஷன். ஆன்லைனில் நாள் பதிவு செய்ய வேண்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவருடைய ஆதாரில் இருந்தது எப்போதோ தொலைந்துபோன போன் நம்பர். அதை மாற்ற ஒரு நாள், பதிவு செய்ய ஒரு நாள். இரண்டு மாதம் தள்ளித் திருப்பதியில் ஒரு தேதி கிடைத்தது.

அன்று மகளும் அவரும் காலை ரயிலில் வந்தார்கள். ஸ்டேஷனில் சக்கர நாற்காலி எடுத்து, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நீண்ட வரிசை. இட்லி வாங்கி வந்து கொடுத்தேன். "நீ துன்னியா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைத்தார். மத்தியானம்தான் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் இளைஞர், காலையிலிருந்து நூறு பேரைப் பார்த்த களைப்பு முகத்தில் தெரிந்தது. தாளைப் புரட்டிவிட்டு, எந்தக் காலுக்கு எழுத வேண்டும் என்று தெலுங்கில் கேட்டார்.

அக்கா எடுக்கப்பட்ட காலின் மிச்சத்தைப் பார்த்தார். சூம்பிய காலைப் பார்த்தார். "ரெண்டும்தான் சார்" என்று அவரும் தெலுங்கிலேயே சொன்னார். "எது உங்களுக்கு வசதியோ அத எழுதிக்கோங்க."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். எழுந்து வந்து, குனிந்து, இரண்டு காலையும் தொட்டுப் பார்த்து எழுதினார்.

சாயங்காலம் அவர்களை ரயில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் அக்காவை உட்கார வைத்துவிட்டு, மடக்கிய வாக்கரை சீட்டுக்கு அடியில் தள்ளினேன். மகள் என் பின்னாலேயே வாசல் வரை வந்தாள்.

"நீங்க எதுக்கு அக்கா எங்களுக்கு இவ்ளோ செய்றீங்க? எங்க சொந்தக்காரங்ககூட இத்தினி வாட்டி வரல."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது.

உள்ளேயிருந்து அக்கா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். "அது பஸ்ஸுல பழக்கம்டீ" என்று குரல் கொடுத்தார். "வா, வந்து குந்து. வண்டி எடுத்துடுவான்."

அவள் உள்ளே போனாள். வண்டி நகர்ந்தது. நான் பிளாட்பாரத்திலிருந்து வெளியே வந்து திருச்சானூர் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். இன்னும் இரண்டு பேர் வந்தால்தான் எடுப்பேன் என்றார் ஆட்டோக்காரர்.